பத்தாவது மாட்டின் பின்புறம்

1

இந்தக் கதை கழிப்பறைக்குப் போகும் வழியில் கிடைத்தது.

'மழை நாளில் ஓர் அருங்காட்சியகத்தில், பழைய ஓவியம் ஒன்றின் முன்னால் மெய்மறந்து நின்றேன்' என்றுதான் முதலில் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் எதன் முன்னாலும் மெய்மறந்து நின்றவன் அல்ல. நடந்தது இதுதான். சனிக்கிழமைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அவசரம் வந்தது. ஹாலந்தில் தண்ணீருக்கு ஒதுங்க இடம் கொடுப்பார்கள், மனிதனுக்குக் கொடுக்க மாட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வருட அட்டை வைத்திருக்கிறேன். அதைக் காட்டிவிட்டு மீன் பையோடு உள்ளே நடந்தேன். காரியம் முடிந்து திரும்பும்போது, அந்த நடையின் சுவரில், ஒரு மாட்டின் முதுகிலிருந்து கம்பு முளைத்திருப்பதைப் பார்த்தேன்.

நல்ல ஓவியங்களை நல்ல அறைகளில் மாட்டுவார்கள். இது கழிப்பறை நடைக்குரிய தரம். ஆற்றங்கரை மேட்டில் ஒன்பது மாடுகள் மேய்கின்றன, சில படுத்திருக்கின்றன. ஒன்பதும் நல்ல கொழுப்பு. இடது ஓரத்தில் பத்தாவதாக ஒரு மாடு இருக்கிறது. மாடு என்று சொல்வதும் மிகை, அதன் பின்புறம் மட்டும்தான் சட்டத்துக்குள் இருக்கிறது. அந்தப் பின்புறத்தை ஊடுருவிக்கொண்டு மங்கலாக ஒரு செங்குத்துக் கோடு. எண்ணெய் வண்ணத்துக்கு வயதாக ஆகக் கண்ணாடித்தன்மை வந்துவிடும். மேலே பூசி மறைத்ததெல்லாம் அடியிலிருந்து மெல்ல எழுந்து வரும். அப்படி எழுந்து வந்த கோடு அது. கோட்டின் அடியில் கொக்கி போல ஓர் எழுத்து. கையெழுத்தின் முதல் எழுத்தாக இருக்கலாம், ஈ எச்சமிட்ட தடமாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் ஒரு சிறிய அட்டை. 'ஆற்றங்கரையில் மாடுகள். ஓவியர் தெரியவில்லை. சுமார் 1650.'

ஓவியர் தெரியவில்லை என்பதைவிட நல்ல அழைப்பு ஓர் எழுத்தாளனுக்கு வாய்க்காது. தெரியாத ஆள் வழக்குப் போட மாட்டார்.

2

தொடக்கம் ஒன்று: 'பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லெக் ஆற்றின் கரையில், வணிகம் செழித்து' [விட்டுவிட்டேன். இது பரீட்சைக்கு வரும் போலிருக்கிறது.]

தொடக்கம் இரண்டு: 'பத்தாவது மாடு பேசத் தொடங்கியது.' [விட்டுவிட்டேன். பின்புறம் மட்டுமே உள்ள மாடு எதைக்கொண்டு பேசும்?]

தொடக்கம் மூன்று: யோஸ்டுக்கு மாடு என்றால் பயம்.

இதை வைத்துக்கொள்கிறேன். அந்தக் கொக்கி எழுத்தை நம்பி ஓவியனுக்கு யோஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஹார்லெம் ஊர்க்காரன், இருபத்தாறு வயது, மாடு வரைவதில் கெட்டிக்காரன். அவன் வேலை இப்படி: வானம் வரைகிறவர் வானம் வரைவார், மரம் வரைகிறவர் மரம் வரைவார், எல்லாம் முடிந்ததும் யோஸ்டைக் கூப்பிட்டு 'அந்த மூலையில் நாலு மாடு போடப்பா' என்பார்கள். போடுவான். சமையல் முடிந்த பிறகு கறிவேப்பிலை கிள்ளிப் போட மட்டும் ஓர் ஆளைக் கூப்பிடுவது போல. கையெழுத்து வானக்காரருடையது. யோஸ்ட் போட்ட மாடுகள் ஹார்லெம் முழுக்கப் பணக்கார வீட்டுச் சுவர்களில் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் பெயர் எங்கேயும் இல்லை.

உயிருள்ள மாட்டை அவன் இருபதடி தூரத்துக்குள் சந்தித்ததில்லை. மேசைமேல் ஒரு களிமண் மாடு வைத்திருந்தான். அதை இப்படித் திருப்பினால் ஒரு மாடு, அப்படித் திருப்பினால் இன்னொரு மாடு. பொம்மை மூக்கால் முட்டாது, சாணி போடாது, மூஞ்சியைத் தூக்கிப் பார்க்காது.

ஒரே ஓர் ஓவியமாவது முழுக்கத் தன் கையால் வரைந்து, அடியில் தன் பெயரைப் போட வேண்டும் என்பது அவன் ஆசை. சின்ன ஆசைதான். இந்தக் கதையில் அவனுக்கு அதுகூடக் கிடைக்கப்போவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அட்டையைத்தான் படித்துவிட்டீர்களே.

3

மாக்டெல்ட் வருகிறாள். அவள்மேல் எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது.

நான் எழுதுவதை என் மனைவி ஹெட்டியால் படிக்க முடியாது. அவள் இந்த ஊர்க்காரி, தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்களும் இரண்டு வசவுகளும். அதனால் எழுதிய ஒவ்வொரு பகுதியையும் இரவுச் சாப்பாட்டின்போது அவள் மொழியில் சொல்லிக்காட்டுவேன். முதல் படியில் மாக்டெல்டை வெள்ளைத் தொப்பி போட்ட விதவையாக, கண்ணீரை அடக்கிக்கொண்டு சாளரத்தருகே நிற்பவளாக எழுதியிருந்தேன். ஹெட்டி உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த நேரத்துல மாட்டை யார் கறக்கறது?"

அழித்தேன். புதிய மாக்டெல்ட் சாளரத்தருகே நிற்பதில்லை. நாற்பதை நெருங்குகிறவள், புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம், ஆறு மாடுகள், ஆற்றுக்கு அடுத்த முதல் நிலம். நல்ல நிலம், ஏனென்றால் ஆற்று வண்டல். கெட்ட நிலம், ஏனென்றால் ஆறு. ஆற்றின் மட்டத்தைவிட நிலம் தாழ்ந்து கிடக்கிறது. நடுவில் கரை ஒன்றுதான் காவல். நம் ஊர்க் குடிமராமத்து போலத்தான் அங்கேயும், ஆனால் 'எல்லாரும் சேர்ந்து' என்ற பேச்சு கிடையாது. கரையைத் துண்டு துண்டாக அளந்து இது உன்னுடையது, அது அவனுடையது என்று நிலத்தோடு சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள். உன் துண்டு உடைந்தால் ஊரே மூழ்கும். அதனால் உன் துண்டின்மேல் ஊருக்கே கண்.

மாக்டெல்டின் துண்டு பலவீனமாக இருந்தது. களிமண் கொண்டுவந்து கொட்டி மிதிக்க வேண்டும். அடுத்த நிலத்துக்காரன் அவள் கொழுந்தன் ஃப்ளோரிஸ். தனியாளாக ஒரு பெண்ணால் கரை காக்க முடியாது என்று இரண்டு வருடமாகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அனுதாபத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். அனுதாபத்தோடு சொன்னால் எதுவும் சீக்கிரம் பரவும்.

இலையுதிர் காலத்தில் கரை மணியக்காரர் சபையோடு வந்து ஒவ்வொரு துண்டாக நடந்து பார்ப்பார். அன்றைய விருந்து முறைவைத்து ஒரு வீட்டில். அந்த வருடம் மாக்டெல்ட் வீட்டு முறை. கரையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வீட்டைப் பார்த்தால் தெம்பாகத் தெரிய வேண்டும் என்று அவள் நினைத்தாள். இளைத்தவள் முகத்தில் படிப்பதைச் சுவரில் வேறு மாதிரி எழுதிவிடலாம் என்ற கணக்கு. சுவரில் மாட்ட மாட்டுப் படம் ஒன்று வேண்டும் என்று, ஹார்லெமுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுபோகிற படகுக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். மற்றவர்களைவிடக் குறைவாகக் கேட்கிறவன் என்பதால் யோஸ்ட் வந்து சேர்ந்தான்.

கொட்டில் பக்கமே போகாமல், வேலிக்கு இந்தப்புறம் நின்று மாடுகளைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவனிடம் வந்து சொன்னாள்.

"ஒம்பது போடு தம்பி."

"ஆறுதானே அக்கா மேயுது?"

"உங்க ஊர்ல படத்துக்கு உக்கார்றவன் எவன் தன் சொந்த மூக்கோட உக்கார்றான்? நான் மூணு மாடு கேட்டா மட்டும் வலிக்குதா உனக்கு?"

"சரிக்கா. ஒம்பது."

"கொழுத்ததா போடு."

(இந்த உரையாடலில் எனக்குப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.)

4

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இடது ஓரத்தில் நேராக நிற்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்பது யோஸ்ட் கற்ற பாடம். இல்லையென்றால் பார்க்கிறவரின் கண் ஓவியத்தின் ஓரம் வழியாக வழுக்கி வெளியே போய்விடும். எல்லாரும் மரம் வைப்பார்கள். யோஸ்டும் கரிக்கோட்டில் அழகாக ஒரு மரம் போட்டுக் காட்டினான். மாக்டெல்ட் பார்த்த உடனே எடு என்றாள். கரையில் மரம் வைப்பது குற்றம், வேர் கரையைத் தின்றுவிடும். மணியக்காரர் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் போட்ட பன்றித்தொடையைத் தின்றுகொண்டே, சுவரில் இருக்கும் மரத்துக்குத் தண்டம் போட்டாலும் போடுவார் என்றாள். அந்த ஆள் அப்படி.

யோஸ்ட் மரத்தை அழித்தான். ஓரம் வெறிச்சென்று ஆகிவிட்டது. கொட்டில் சுவரில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. கைப்பிடி நேராக, நல்ல பழுப்பு நிறம், மேலே பிடிப்பதற்குக் குறுக்குக்கட்டை. சட்டம் பேசாத மரத்துண்டு. அதைக் கொண்டுபோய்க் கரையில் குத்தி நிறுத்தியது போல வரைந்தான். அதன் காலடியில், வாழ்க்கையில் முதல் முறையாக, தன் பெயரை எழுதினான்.

[மண்வெட்டி என்றதும் நம் வளைந்த மம்பட்டியை நினைக்க வேண்டாம். இது நேராக நிலத்தில் குத்தி, காலால் மிதித்து இறக்குகிற வகை. குத்தினால் நிற்கும். நிற்பதுதான் இங்கே விஷயம்.]

ஹெட்டி நீர் வாரியத்தில் வேலை செய்கிறாள். நான் இந்த இடத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மண்வெட்டியையா குத்தினான்? கரையிலயா?"

"ஆமாம். ஏன்?"

"முட்டாப் பய," என்றாள். தமிழ் வசவு, சரியான இடத்தில். பிறகு அந்தப் பழைய சட்டத்தை விளக்கினாள். இதற்கு முன் கதை மாடுகளைப் பற்றியதாக இருந்தது.

சட்டம் இதுதான். தன் பங்குக் கரையைக் காக்க முடியாதவன், தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு நடையைக் கட்ட வேண்டும். குத்தினால் நிலம் போயிற்று. பெண்டாட்டி பிள்ளை, ஆடு மாடு, சட்டி பானையை எடுத்துக்கொண்டு போகலாம், நிலத்துக்குத் திரும்ப முடியாது. அந்த மண்வெட்டியை யார் பிடுங்குகிறாரோ அவருக்கு நிலம் முழுவதும் சொந்தம், கரையும் சேர்த்து. கட்ட முடியாதவன் விட்டுப் போகணும் என்று ஒரு சொலவடையே இங்கே உண்டு.

ஆற்றங்கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம். ஹார்லெம் மணல்மேட்டு ஊர். யோஸ்டுக்குத் தெரியாது.

* மாக்டெல்ட் அதைக் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பதற்கு முன் ஹெட்டி கேட்டாள். ஓவியம் விருந்தன்று காலையில்தான், ஹார்லெமிலிருந்து படகில், வண்ணம் காயாமல் வந்து சேர்ந்தது. அடுப்பில் பன்றித்தொடை. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாடுகளை எண்ணினாள். ஒன்பது. மாட்டச் சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள். ஒன்பது மாடு கேட்டவள் இடது ஓரத்தை எதற்குப் பார்க்கப்போகிறாள்?

5

விருந்து நன்றாக நடந்தது. பட்டாணி சூப், பன்றித்தொடை, வெண்ணெய், பீர். கரைத் துண்டு பலவீனம்தான், ஆனால் நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளுக்கு முன் களிமண் போட்டு மிதித்துவிட்டால் போதும், அப்போது மறுபடி வந்து பார்ப்போம் என்று மணியக்காரர் சொல்லிவிட்டார். மண்வண்டிக்காரர்களிடம் மாக்டெல்ட் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

அவர்கள் ஓவியத்தையும் பாராட்டினார்கள். அத்தனை பேரும் விவசாயிகள், மாக்டெல்டிடம் ஆறு மாடுதான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். 'நல்லா வந்திருக்கு' என்றார்கள். பொய் மாட்டை யாரும் எண்ணிக்காட்டவில்லை. அது மரியாதை.

ஃப்ளோரிஸ் மட்டும் ஓவியத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். முதலிலேயே பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். ஆனால் பன்றித்தொடை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்.

"எப்ப குத்துனீங்க அண்ணி?"

"எதை?"

ஃப்ளோரிஸ் தலையால் காட்டினான். எல்லாரும் திரும்பினார்கள். மாக்டெல்டும் திரும்பினாள், அப்போதுதான் அவள் ஓவியத்தின் இடது ஓரத்தைப் பார்த்தாள்.

 மணியக்காரர் தொண்டையைக் கனைத்து, படம் வேறு, கரை வேறு, சட்டப்படி மரமும் இரும்பும் கொண்ட மண்வெட்டிதான் மண்வெட்டி என்று தீர்ப்புச் சொன்னார். மிகச் சரியான தீர்ப்பு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மெல்லத் தொப்பியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார், இழவு வீட்டில் வைப்பது போல.

"நான் எதுவும் சொல்லல," என்றான் ஃப்ளோரிஸ். "மனசுல இருக்கறதுதானே சுவர்ல வரும்."

6

(இந்தப் பகுதியை முதலில் கட்டுரையாக எழுதியிருந்தேன். பெரும்பகுதியை வெட்டிவிட்டேன். மிச்சம் இது.)

அந்த ஓவியத்தில் மூன்று மாடுகள் பொய். எல்லா மாட்டின் கொழுப்பும் பொய். வெயில்கூடப் பொய், இந்த ஊரில் அப்படி வெயில் அடித்து நான் பார்த்ததில்லை. ஒன்றைக்கூட ஊர் நம்பவில்லை. மண்வெட்டியும் பொய்தான். அதை மட்டும் ஊர் நம்பியது.

நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இதைத்தான் பார்க்கிறேன். நாம் அழகாகச் சொல்வதை வாசகர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஏதோ ஓரத்தை நிரப்ப, கண் வழுக்காமலிருக்க ஒன்றை வைத்திருப்போம், அதைப் பிடித்துக்கொண்டு 'இது உங்கள் சொந்த அனுபவம்தானே' என்று கேட்பார். கெட்ட செய்தியாக இருந்தால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை.

மண்வண்டிக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். விட்டுப்போகப்போகிற பெண்ணின் கரையில் மண் கொட்டி என்ன பயன், நாளைக்கு யாரிடம் கூலி கேட்பது என்று நினைத்தார்கள். முதல் வாரம் அச்சாணி முறிந்தது என்றார்கள். அடுத்த வாரம் குதிரைக்கு வயிற்றுவலி. மூன்றாம் வாரம் காரணம் சொல்லவும் வரவில்லை. ஃப்ளோரிஸின் துண்டில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

கரை கட்டப்படாததைப் பார்த்த ஊர், 'பார், விட்டுவிட்டாள்' என்றது. விட்டுவிட்டாள் என்று ஊர் சொன்னதால் கரை கட்டப்படவில்லை. மாக்டெல்ட் தானே கூடையில் மண் சுமந்து பார்த்தாள். மழை வந்து அதைக் கரைத்துக்கொண்டு போயிற்று. இந்த இடத்தை எழுதும்போது எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை.

7

யோஸ்டைக் கூப்பிட்டு அனுப்பினாள். வந்தவனை உட்காரச் சொல்லவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

படகில் வரும்போதே யாரோ அவனுக்குச் சட்டத்தை விளக்கியிருந்தார்கள். 

"மரத்தை எடுக்கச் சொன்னீங்கக்கா. அதான்..."

"நான் சொன்னேன். அதுக்கு என் தலையில மண்வெட்டியைக் குத்துவியா? எடு அதை. இப்பவே."

சுரண்டினால் மற்ற வண்ணமும் போய்விடும். மேலே எதையாவது பூசி மறைப்பதுதான் வழி. யோஸ்டுக்கு வரையத் தெரிந்தது ஒன்றுதான். மாடு போட்டான். இடம் குறுகல், முழு மாடு நுழையவில்லை. பின்புறம் மட்டும் நுழைந்தது. களிமண் பொம்மையை எடுத்துவர மறந்திருந்தான், அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொட்டிலுக்குள் போய், உயிருள்ள ஒரு மாட்டின் பின்னால் நின்று, பயந்துகொண்டே பார்த்து வரைந்தான். நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போனால் பாருங்கள், அந்தப் பத்து மாடுகளில் உண்மையான மாடு அந்தப் பின்புறம் ஒன்றுதான்.

அதன் கால்கள் நிற்க இடம் வேண்டுமே. சேற்றை இழுத்துப் பூசினான். அவன் பெயர் சேற்றுக்குள் போயிற்று. அவன் ஒரு நொடி தூரிகையை நிறுத்தினான் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நிறுத்தவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பலன்? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த ஃப்ளோரிஸின் மனைவி ஊரெல்லாம் சொன்னாள், மாக்டெல்ட் மண்வெட்டியை மறைத்துவிட்டாள் என்று. அதுவரை கொஞ்சம் சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் இப்போது உறுதியாகிவிட்டது. இல்லாததை எவராவது மறைப்பார்களா?

[எழுதியதை அடித்தால் வாசகர் அடித்ததைத்தான் முதலில் படிப்பார். மேலே நான் அடைப்புக்குள் 'விட்டுவிட்டேன்' என்று போட்டதையெல்லாம் நீங்கள் எவ்வளவு கவனமாகப் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.]

8

முடிவுகள்.

முடிவு அ. யோஸ்ட் மாக்டெல்டைக் கல்யாணம் செய்துகொள்கிறான். இருவரும் சேர்ந்து கரையைக் கட்டுகிறார்கள். இங்கேதான் நான் முன்பு சொன்ன பிரச்சினை. பழக்கதோஷத்தில் அவனை 'அக்கா' என்று கூப்பிட வைத்துவிட்டேன். அவள் 'தம்பி' என்றும் சொல்லிவிட்டாள். அவர்கள் மொழியில் அவன் வேறு எப்படியோதான் கூப்பிட்டிருப்பான், கல்யாணத்துக்கு ஒரு தடையும் இருந்திருக்காது. தமிழில் இனி நான் தாலி எடுத்துக் கொடுத்தால் நீங்கள் செருப்பை எடுப்பீர்கள். ஹெட்டிக்கு இந்தச் சிக்கல் புரியவே இல்லை. ஆனால் அவளுக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. 'அவளுக்குத் தேவை மண்ணு, மாப்பிள்ளை இல்ல' என்றாள்.

முடிவு ஆ. யோஸ்ட் தனியாளாக இரவு பகலாக மண் சுமந்து கரையைக் கட்டுகிறான், ஓவியன் கை கொப்புளிக்கிறது, ஊர் மனம் மாறுகிறது. இதை ஹெட்டியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு துண்டுக் கரைக்கு எவ்வளவு மண் வேண்டும் தெரியுமா, எழுத்தாளரே, என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அடித்தேன்.

முடிவு இ. இதற்கு முடிவு என்ற பெயர் பொருந்துமா என்று தெரியவில்லை. எழுதிய வரையில் தருகிறேன்.

மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய வாரம் மழை விடவில்லை. ஆறு கரையின் தோள்வரை ஏறிவிட்டது. இரண்டாவது பார்வைக்கு மணியக்காரர் வந்தார், பின்னாலேயே ஊரும் வந்தது. கரைமேல் எல்லாரும் நின்றார்கள். ஃப்ளோரிஸ் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தான். புதுக் கையுறை. யோஸ்ட் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயேதான் இருந்தான், வேறெங்கே போவதென்று தெரியாமல் கூட்டத்தின் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தான்.

மாக்டெல்ட் கொட்டிலிலிருந்து வந்தாள். கையில் மண்வெட்டி. யோஸ்ட் வரைந்தானே, அதே மண்வெட்டி. கூட்டம் விலகி வழிவிட்டது. தன் துண்டின் நடுவில் வந்து நின்று, மண்வெட்டியைக் குத்தி, மரக்காலணியால் ஒரு மிதி மிதித்து இறக்கினாள்.

"இந்தாங்க," என்றாள். "ரெண்டு மாசமா எல்லாரும் பாத்துட்டிருந்தீங்களே. இப்ப நெசமாவே பாத்துக்குங்க."

அழவில்லை.  திரும்பிப் போகவும் இல்லை, யார் பிடுங்கப்போகிறார்கள் என்று பார்ப்பதற்காக அங்கேயே நின்றாள். அதைப் பார்க்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன், அதனால் நிற்கவிட்டேன்.

எல்லாரும் ஃப்ளோரிஸைப் பார்த்தார்கள். அவன் முன்னால் வந்தான். குறுக்குக்கட்டையில் கை வைத்தான். அப்போது கீழே பார்த்தான்.

கரையின் உள்பக்க அடியில், நிலத்தை ஒட்டி, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதிகமில்லை. புல்லுக்கு நடுவில் ஒரு விரல் அகலம், அமைதியாக, நிற்காமல். மண்வெட்டியைப் பிடுங்கினால் நிலத்தோடு அந்தக் கசிவும் அவனுடையது. இன்றிலிருந்து, இந்த நிமிடத்திலிருந்து. இரண்டு வருடமாக அவன் ஆசைப்பட்டது நிலத்துக்கு. கரையை அவன் கணக்கில் சேர்த்திருந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

கையை எடுத்து, மறுபடி கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அவசரம் ஒண்ணும் இல்லையே," என்றான் பொதுவாக.

மணியக்காரர் கூட்டத்தைப் பார்த்து, யாராவது, என்று கேட்டார். கூட்டம் ஆற்றைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, தன் காலணிகளைப் பார்த்தது. அத்தனை பேருடைய வீடும் அந்தக் கசிவுக்குக் கீழேதான் இருந்தது.

அப்போது ஓரத்திலிருந்து யோஸ்ட் நடந்து வந்தான். அவன் நிலத்தை நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், நான்தானே அவனை உண்டாக்கினேன். தான் தவறாக வைத்த ஒன்று தவறான இடத்தில் நிற்கிறது, அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் மண்டையில் ஓடியது. கையை நீட்டினான்.

"தொடாத தம்பி," என்றாள் மாக்டெல்ட். "தொட்டா உன்னுது."

கை நீட்டியபடி நின்றான்.

9

இங்கேதான் நானும் நிற்கிறேன்.

அவன் பிடுங்கி— [பிடுங்கினால்? மாடு என்றால் பயப்படுகிற, கையில் காசில்லாத ஒருவன் தலையில் ஓட்டைக் கரை. மண்வண்டிக்காரர்கள் அவனுக்கு மட்டும் வருவார்களா?]

அவன் கையை இழுத்துக்கொண்டு— [அப்படிச் செய்தால் அவனும் கூட்டத்தில் ஒருவன். என் கதையில் ஏற்கெனவே கூட்டம் போதும்.]

மாக்டெல்ட் தானே— [குத்தியவர் பிடுங்க முடியாது. ஹெட்டியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.]

மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் சாப்பாட்டின்போது ஹெட்டி கேட்டாள்.

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"இன்னும் யோசிக்கறேன்."

"நீ பண்ணினது என்னன்னு தெரியுதா? அவளை மழையில நிக்க வச்சுட்டு நீ சாப்பிட உக்காந்துட்ட."

உண்மைதான்.  மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண்வெட்டி வைத்தவன் யோஸ்ட் என்று எழுதியது நான். வைக்கச் சொன்னது யார்? ஒரு மாட்டின் முதுகில் கம்பு முளைத்திருந்தது, எனக்குக் கதை வேண்டியிருந்தது, நன்றாகப் பால் கறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் நிலத்தில் கொண்டுபோய்க் குத்தினேன். இப்போது அவளைக் காப்பாற்றத் தெரியவில்லை. நான் எழுதுகிற எந்த வாக்கியமும் அந்தக் கசிவை அடைக்கிற மாதிரி இல்லை.

இந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தனை வருடம் ஆற்றுமட்டத்துக்குக் கீழே தூங்கி எழுந்திருக்கிறேன். கட்ட முடியாதவன் விட்டுப் போகணும். போகிறேன். சட்டம் அனுமதிப்பதை எடுத்துக்கொள்கிறேன்: மனைவி, மீன் பை, அருங்காட்சியக அட்டை. மாடுகள் மாக்டெல்டோடு போகும், பொய் மாடு மூன்றும் சேர்த்து. மற்றதெல்லாம் இங்கேயே இருக்கிறது. மண்வெட்டி உங்கள் முன்னால் நிற்கிறது. பிடுங்குகிறவருக்குக் கதை சொந்தம். முடிவை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யோஸ்டின் பெயரைச் சேற்றிலிருந்து எடுத்து உங்கள் பெயரை வைத்துக்கொண்டாலும் கேட்க ஆளில்லை.

ஆனால் பாதி எடுக்க முடியாது. அந்த ஒரு விரல் அகலக் கசிவும், மழையில் நிற்கிற அந்தப் பெண்ணும், மண்வண்டிக்காரர்களை யார் போய்க் கூப்பிடுவது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துதான் வரும்.

கதை மட்டும் போதும் என்றால் தாராளமாக நின்று வேடிக்கை பாருங்கள். ஃப்ளோரிஸுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.